அமைதிப் பேச்சில் பெண்களின் இடம் வாசலா, மேசையா?

செம்மண்

2003 ஜூலை 21. கானாவின் தலைநகர் அக்ராவில் லைபீரியப் போரை நிறுத்துவதற்கான பேச்சு ஏழாவது வாரமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதே நாளில் லைபீரியாவில், மன்ரோவியாவில், அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிரே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மேல் குண்டு விழுந்தது. அக்ராவில் ஆயுதக் குழுக்களின் ஆட்கள் ஹோட்டலில் தங்கி, எந்த அமைச்சகம் யாருக்கு என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று வெள்ளை டி-ஷர்ட்டும் வெள்ளைத் தலைக்கட்டும் அணிந்த பெண்கள் மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் வரும்வரை உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக் கூடாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்ததும், அந்தப் பெண்கள் இயக்கத்தின் தலைவி லேமா போவீ முன்னால் நின்று தலைக்கட்டை அவிழ்த்து, ஆடையையும் களையப் போவதாகச் சொன்னார். தாய் வயதில் இருப்பவள் பொது இடத்தில் ஆடை களைந்தால் பார்த்தவனுக்குச் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். மத்தியஸ்தரான நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து அந்தப் பெண்களுடன் பேசினார். ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்தக் கதையைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். என்னை விடாமல் உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண்கள் ஏப்ரல் மாதத்திலிருந்து மன்ரோவியாவின் மீன் சந்தை மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தவர்கள். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரை நேரில் பார்த்து, பேச்சுக்குப் போக வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஏன் தரையில் உட்கார்ந்து கதவை மறிக்க வேண்டி வந்தது? மானோ நதி நாடுகளின் பெண்கள் அமைப்பு ஒன்று மட்டும் உள்ளே அழைக்கப்பட்டு, சாட்சியாகக் கையெழுத்தும் போட்டது. தெருவில் இறங்கியவர்களுக்கு நாற்காலி இல்லை.

பெண்கள் பங்கேற்பை ஆதரிக்கிறோம் என்று எல்லோருமே சொல்கிறார்கள். ஆதரவு என்றால் நடைமுறையில் என்ன? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

*

கல்லணை

நல்ல கேள்வி. ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். பெண் என்றாலே அமைதி விரும்பி என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை.

மணிப்பூரைப் பாருங்கள். 2004 ஜூலையில் அசாம் ரைஃபிள்ஸ் படையினர் பிடித்துச் சென்ற மனோரமா என்ற இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார் ஆடையின்றி நின்று ராணுவத்தைக் கேள்வி கேட்டார்கள். மெய்ரா பைபி என்ற பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்த அந்தத் தாய்மாரை நினைத்து நாடே தலைகுனிந்தது. அதே மணிப்பூரில் 2023இல் மெய்தெய், குக்கி சமூகங்களுக்கு இடையே கலவரம் வந்தபோது, மெய்தெய் பெண்கள் ஒரு பக்கமும் குக்கி பெண்கள் மறுபக்கமுமாகச் சாலை மறித்தார்கள். ஜூன் மாதம் இத்தம் கிராமத்தில் பெண்கள் முன்னால் நின்ற கூட்டம் ராணுவத்தைச் சுற்றி வளைத்து, பிடிபட்ட 12 ஆயுதக்காரர்களை விடுவிக்க வைத்தது. அவர்களும் தாய்மார்தான்.

அப்புறம், பெண்கள் பங்கேற்றால் ஒப்பந்தம் 15 ஆண்டாவது நீடிக்கும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுகிறது என்ற புள்ளிவிவரத்தை எல்லா அறிக்கையிலும் பார்க்கிறேன். பெண்களைச் சேர்த்ததால் ஒப்பந்தம் நிலைத்ததா, அல்லது நிலைக்கக்கூடிய சூழல் இருந்த இடங்களில்தான் பெண்களையும் சேர்த்தார்களா? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணைத் தூக்கிப்பிடிப்பது சரியில்லை.

*

செம்மண்

கல்லணை சார், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். 35 சதவீதத்தை வைத்து வாதாட மாட்டேன்.

ஒப்பந்தம் நீடிக்கும் என்று உத்தரவாதம் கொடுத்தால்தான் பெண்களுக்கு இடம் என்றால், ஆண்கள் யாரும் அந்த உத்தரவாதத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லையே. ஊரில் பாதிப் பேர் பெண்கள். பேசப்படுவது அவர்கள் வீடு, அவர்கள் நிலம், அவர்கள் பிள்ளைகள். ஐ.நா. பெண்கள் அமைப்பின் கணக்குப்படி, 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய அமைதிப் பேச்சுகளில் பேச்சு நடத்தியவர்களில் பெண்கள் 13 சதவீதம்தான். மத்தியஸ்தர்களில் 6, கையெழுத்திட்டவர்களில் 6. அமைதி முயற்சிகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற 1325ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றியது 2000 அக்டோபரில். அதன் பிறகும் இந்த நிலை என்றால், தீர்மானம் மட்டும் போதாது என்றுதானே பொருள்?

இன்னொன்றும் இருக்கிறது. லைபீரியாவில் 2003 டிசம்பரில் ஐ.நா. படை ஆயுதங்களைத் திரும்ப வாங்கத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு போராளிகள் வந்து குவிந்து கலவரமே ஆகிவிட்டது. எந்தப் பையன் எந்தத் தளபதியின் கீழ் இருந்தான், அவன் அம்மா எந்தச் சந்தையில் கடை போட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டிருக்கலாம். கலவரத்துக்குப் பிறகுதான் அவர்கள் உதவி தேவைப்பட்டது.

*

ஆற்றுமணல்

நான் பெல்ஃபாஸ்டில் 19 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். நாற்காலி பற்றிக் கேட்டதால் வட அயர்லாந்துக் கதையைச் சொல்கிறேன். இங்கே அது தேர்தல் விதியிலிருந்துதான் வந்தது.

கத்தோலிக்க, புரொட்டஸ்டன்ட் சமூகங்களுக்கு நடுவே பல ஆண்டாக நடந்த மோதலை முடிப்பதற்கான பேச்சுக்கு யார் வருவது என்பதை 1996இல் தேர்தல் வைத்து முடிவு செய்தார்கள். தொகுதி வாரியான இடங்கள் போக, மொத்த வாக்கில் முதல் பத்து இடம் பிடிக்கும் கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் என்று விதி. சின்ன ஆயுதக் குழுக்களைச் சார்ந்த கட்சிகளும் உள்ளே வரட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. வேட்பாளர் பட்டியலில் பெண்களைச் சேருங்கள் என்று பெரிய கட்சிகளிடம் பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள், பலன் இல்லை. சரி, நாமே கட்சி தொடங்குவோம் என்று சில வாரத்திலேயே வட அயர்லாந்துப் பெண்கள் கூட்டணியைத் தொடங்கினார்கள். மே 30 தேர்தலில் வாங்கியது 7,731 வாக்கு, ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. ஒன்பதாவது இடம், இரண்டு நாற்காலி.

ஒருவர் கத்தோலிக்கப் பின்னணியில் வந்த மோனிக்கா மெக்வில்லியம்ஸ், இன்னொருவர் புரொட்டஸ்டன்ட் பின்னணியில் வந்த பேர்ல் சேகர். இரண்டு சமூகமும் சேர்ந்து உட்காரும் அணியாகவே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுந்து பேசும்போது எதிர்வரிசை ஆண்கள் மாடு மாதிரிக் கத்துவார்களாம். எங்கள் வார்டில் முன்பு வேலை பார்த்த ஒரு மூத்த செவிலி அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் கேட்டதை இன்னும் கோபத்தோடு சொல்வார். அவர் புரொட்டஸ்டன்ட் பகுதிக்காரர், வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கட்சியை விட்டுவிட்டு இந்தப் பெண்களுக்கு வாக்குப் போட்டவர்.

1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் ஆயுதம், சிறைக்கைதிகள், அதிகாரப் பகிர்வு எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு, போரில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பகுதி, இரண்டு சமூகப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள், பெண்கள் அரசியலில் முழுமையாகப் பங்கேற்கும் உரிமை ஆகியவையும் இருக்கின்றன. இவற்றை உள்ளே கொண்டுவரப் பாடுபட்டது இந்தக் கூட்டணிதான்.

என் மகன் அப்படிப்பட்ட ஒரு கலப்புப் பள்ளியில்தான் படித்தான். ஆனால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். இன்றும் பத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாகத்தான் அந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். சில தெருக்களில் இரண்டு பகுதிக்கும் நடுவே உள்ள சுவரின் இரும்புக் கதவை மாலையில் இன்னும் பூட்டுகிறார்கள். இரவுப் பணிக்குப் போகும்போது அந்த வாசல் மூடியிருந்தால் நான் சுற்றித்தான் போக வேண்டும். பெண்கள் கூட்டணியும் 2003 தேர்தலில் இடங்களை இழந்து, 2006இல் கலைந்துவிட்டது. காகிதத்தில் ஏற்றுவதற்கு இரண்டு நாற்காலி போதுமாக இருந்தது, நடைமுறைப்படுத்த அது போதவில்லை.

*

பனங்கூடல்

செம்மண் தங்கச்சி, நான் கிளிநொச்சிப் பக்கம். இருபது வருடத்துக்கு மேலாக மாதர் சங்கங்களோடு வேலை செய்கிறேன். எங்கட கதை இதில் வர வேண்டும் என்று நினைத்தேன்.

எங்களுக்கும் ஒரு மேசை போட்டவர்கள். 2002 டிசம்பர் ஒஸ்லோ சுற்றில் பாலின விவகாரங்களுக்கு ஓர் உபகுழு அமைப்பது என்று இலங்கை அரசும் இயக்கமும் (விடுதலைப் புலிகள்) ஒத்துக்கொண்டன. அரசு தரப்பில் குமாரி ஜயவர்தன தலைமையில் ஐந்து பெண்கள், இயக்கத் தரப்பில் தமிழினி தலைமையில் ஐந்து பெண்கள். நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபெர்க் அனுசரணை. 2003 மார்ச்சில் முதல் கூட்டம் கிளிநொச்சியில்தான் நடந்தது. கொழும்பிலிருந்து அந்தப் பெண்கள் ஏ9 பாதையால் வந்து இறங்கினார்கள். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் என்று என்ன என்ன பேசுவது என்று இரண்டு தரப்புப் பெண்களும் சேர்ந்தே நிரல் போட்டார்கள். அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த எதிர்பார்ப்பைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

ஏப்ரலில் இயக்கம் பேச்சிலிருந்து விலகியது. உபகுழுவும் அதோடு நின்றது. பெரிய மேசையின் காலில் கட்டிவிட்ட சின்ன மேசை அது. பெரியது சரிந்தால் இதுவும் சரியும். பெரிய மேசையில் என்ன பேசுகிறார்கள் என்பதில் உபகுழுப் பெண்களுக்குச் சொல் இல்லை. அந்தப் பெண்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த இடத்தில்தான் குறை.

போர் முடிந்த பிறகு, 2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் குந்தினார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று மற்ற இடங்களிலும் பந்தல் போட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, வெயிலில் மகனின் படம் வெளிறும்போதெல்லாம் கடையில் கொடுத்துப் புதிதாக லமினேட் பண்ணிக்கொண்டு வருவா. நாலாவது தடவை கடைக்காரப் பெடியன் காசு வாங்கவில்லை. அவ அதற்கும் சண்டை பிடித்துக் காசைக் கொடுத்துவிட்டு வந்தவ. என்ர பிள்ளைக்கு நான்தான் செய்ய வேண்டும் என்று சொன்னா. எத்தனையோ தாய் தகப்பன் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

அந்தத் தாய்மாரைப் படம் பிடிக்க வந்தவர்கள் கனபேர். காணாமல் போனோர் அலுவலகம் எப்படி இருக்க வேண்டும், யார் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்தவர்கள் எத்தனை பேர்?

*

கல்லணை

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பெண் அமைதி விரும்பியா இல்லையா என்று நான் கேட்டது தேவையில்லாத கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. வாசலில் குந்தியிருக்கும் தாய்க்கு விடை தர வேண்டியிருப்பதற்கும் அவருடைய குணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு சந்தேகம். தனிக் குழு வேண்டாம் என்கிறீர்களா? கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சிப் படைக்கும் கியூபாவின் ஹவானாவில் நடந்த பேச்சின்போது 2014இல் பாலின உபகுழு அமைத்தார்கள். 2016 ஒப்பந்தத்தில் அதன் தடம் நன்றாகவே தெரிகிறது.

*

பனங்கூடல்

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் ஐயா. ஹவானாவில் அந்த உபகுழு மேசையில் எழுதுகிற ஒவ்வொரு பகுதியையும் பார்த்துத் திருத்தம் சொல்லக்கூடியதாக இருந்தது. இரண்டு தரப்பும் மேசையை விட்டு ஒரேயடியாக எழும்பவும் இல்லை. எங்கட குழுவுக்கு ஒஸ்லோச் சுற்றிலோ ஜப்பானின் ஹக்கோனேச் சுற்றிலோ எழுதியதைத் திருத்துகிற உரிமை இருக்கவில்லை. வித்தியாசம் அதுதான். பிலிப்பைன்ஸில் மிரியம் கொரோனெல் ஃபெரர் அரசின் தலைமைப் பேச்சாளராகவே இருந்து, 2014இல் மோரோ முஸ்லிம் கிளர்ச்சிக் குழுவோடு செய்த பங்சமோரோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவ. அப்படி இருந்தால் உபகுழு தேவைப்படாது.

*

மிளகாய்த்தோட்டம்

வேலை நிமித்தமாக நான் திமாப்பூரில் ஆறு ஆண்டு இருந்தேன். நாகாலாந்து பற்றிச் சொல்கிறேன்.

தங்குல் நாகர்களிடம் புக்ரெய்லா என்று ஒரு மரபு உண்டு. ஓர் ஊரில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், அந்த இரண்டு ஊருக்கும் சண்டை வந்தால் நடுவே போய் நிற்கலாம், அவள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும்போது அவளுக்கு வேறு வழியும் இல்லை. நாகா தாய்மார் சங்கம் 1984இல் கோஹிமாவில் தொடங்கியது. 1994இல் 'இனி ரத்தம் சிந்த வேண்டாம்' என்ற இயக்கத்தை நடத்தி, ஒன்றை ஒன்று கொன்றுகொண்டிருந்த ஆயுதக் குழுக்களிடம் நேரில் போய்ப் பேசினார்கள்.

ஆனால் உள்ளாட்சியில் 33 சதவீத இடம் கேட்டபோது என்ன நடந்தது தெரியுமா? 2017இல் பழங்குடி அமைப்புகள் மரபுக்கு விரோதம் என்று எதிர்த்தன. போராட்டத்தில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள், கோஹிமா நகராட்சிக் கட்டடம் எரிந்தது. வேட்புமனு போட்ட பெண்களை அதைத் திரும்பப் பெறச் சொல்லி அழுத்தினார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லாக் கடையும் அடைத்திருந்தது. கீழ் வீட்டு அம்மா வேட்பாளராக நின்றிருந்தார். தன் குலத்தார் வந்து பேசிவிட்டுப் போன மறுநாள், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் முற்றத்தில் மூங்கில் குருத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு கிண்ணம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சண்டையை நிறுத்தப் போ என்பார்கள், வார்டு உறுப்பினராக வராதே என்பார்கள். 1963இல் மாநிலமான நாகாலாந்தின் சட்டமன்றத்துக்கு முதன்முதலாகப் பெண்கள் தேர்வானது 2023இல்தான், இரண்டு பேர். 33 சதவீத ஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் 2024 ஜூனில் நடந்து முடிந்தது.

*

வெண்டைப்பூ

லைபீரியா என்றதும் எழுதத் தோன்றியது. என் பெரியம்மா மகள் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறார். ஐ.நா.வின் முதல் முழுப் பெண்கள் காவல் பிரிவு 2007இல் இந்தியாவிலிருந்து மன்ரோவியாவுக்குத்தான் போனது. 2016 வரை பிரிவுகள் மாறி மாறி இருந்தன, அக்கா அதில் ஒரு முறை போய்வந்தார். இரவு ரோந்து போகும்போது, ஆண் காவலர்களிடம் வாய் திறக்காத பெண்கள் இவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்வார்களாம். லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு அந்த ஒன்பது ஆண்டில் 6 சதவீதத்திலிருந்து 17 ஆனதாக ஐ.நா. சொன்னது. அக்காவுக்கு அதைவிடப் பெருமை, ஒரு பள்ளிக்கூடச் சிறுமி இவருடைய தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்ததுதான்.

*

முதலாண்டு மாணவி

எல்லோருக்கும் நன்றி. நான் கல்லூரியில் இதைப் பற்றிப் பேச வேண்டும். அரசுகள் செய்வது இருக்கட்டும். ஊர் மட்டத்தில், வெளியிலிருந்து உதவ நினைப்பவர்கள் உருப்படியாக என்ன செய்யலாம்? பனங்கூடல் அம்மா சொன்னால் நன்றாக இருக்கும்.

*

பனங்கூடல்

பிள்ளை, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் நல்லிணக்கத்தில் பெண்களின் பங்கு என்று செயலமர்வு வைத்தது. டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபம். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடக்கம். எங்கட பக்கத்துக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. நாலரைக்குப் பெண்கள் ஒவ்வொருவராக மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஐந்து மணிக்குத்தான், இனி நீங்கள் கதைக்கலாம் என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். பதினொரு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். அறிக்கையில் 'பங்கேற்பாளர்கள் தயங்கினர்' என்று எழுதியிருந்தது. அவர்கள் தயங்கவில்லை, அவர்களுக்குப் பஸ் போய்விடும்.

அதனால் முதல் கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு, எங்கே, எப்படிப் போவது, பிள்ளையை யார் பார்ப்பது. போக்குவரத்துக் காசைக் கூட்டம் முடிந்து அல்ல, வரும்போதே கொடுக்க வேண்டும். கையில் காசில்லாதவ முதலிலேயே வரமாட்டா. சிங்களப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இருக்கிற கூட்டத்தில் மொழிபெயர்க்க ஆள் இருக்க வேண்டும், அதுவும் பெண்ணாக இருந்தால் நல்லது. கணவனை இழந்தவள் சில விஷயத்தை ஆம்பிளைக்கு முன்னால் சொல்லமாட்டாள்.

பாதுகாப்பும் முக்கியம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபின், யார் வந்தது, என்ன கதைத்தது என்று ஆட்கள் வந்து விசாரித்த காலம் உண்டு. அப்படி நடந்தால் அடுத்த நாளே போய்ப் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறதா என்று யோசிக்காமல் ஒருவரையும் மேடையில் ஏற்றக்கூடாது.

காசு கொடுப்பதென்றால் ஆறு மாதத் திட்டமாகக் கொடுக்காதேயுங்கோ. ஆறு மாதத்தில் நம்பிக்கை வராது. எங்கட சங்கத்தில் தமிழ்ப் பெண்களும் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம் பெண்களும் முதல் ஒரு வருடம் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள். இரண்டாம் வருடம்தான் ஒருத்தி, தன் காணியில் இப்போது யார் இருக்கினம் என்று கேட்டா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவவும் அதே வட்டத்தில் இருந்தவ. அன்றைக்கு ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் இரண்டு பேரும் வந்தவை.

*

செம்மண்

பஸ் நேரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், லைபீரியாவில் 2005 தேர்தலுக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்தது. சந்தைப் பெண்கள் வாக்காளர் பதிவுக்கு வரவில்லை. ஆர்வமில்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அமைதி இயக்கத்துப் பெண்கள் சந்தைக்கே போய்க் கேட்டார்கள். கடையை விட்டு வர முடியாது, பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் பதில் வந்தது. அவர்கள் கடையில் உட்கார்ந்துகொண்டார்கள், பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள், பதிந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில்தான் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்று லைபீரியாவின் பெண் அதிபரானார்.

அக்கா, அந்தச் செயலமர்வுக்குப் பிறகு உங்கள் சங்கத்தின் கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்?

*

பனங்கூடல்

காலை ஒன்பதரைக்குத் தங்கச்சி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வந்துவிடலாம். ஹோட்டல் இல்லை, முன்பள்ளிக் கட்டடம். சின்னப் பிள்ளை இருக்கிறவை கூட்டிக்கொண்டே வருவினம். போன மாதம் முப்பத்திரண்டு பேர். கதிரை போதவில்லை, பாய் விரித்தோம்.